பழுதான மாற்றுப் பொருளும் முடியாத கோரிக்கையும்

இழப்பு நேர்ந்தால் ஈடு செய்வதாக உறுதியளித்துப் பிரீமியம் பெறும் காப்பீட்டு நிறுவனம், அந்த ஈட்டை எப்போதும் பணமாகத் தருவதில்லை. கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சிப் பெட்டி போன்றவற்றுக்கான காப்பீடுகளிலும், அவற்றை விற்கும் கடைகளிலேயே கூடுதல் தொகைக்குக் கொடுக்கப்படும் பாதுகாப்புத் திட்டங்களிலும், சேதமான பொருளை வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுப்பது இன்று பரவலான நடைமுறை. அப்படிக் கிடைத்த பொருளும் சில நாள்களில் பழுதாகும்போது நுகர்வோர் நான்கு வாசல்களில் ஏறி இறங்க நேர்கிறது. காப்பீட்டு நிறுவனம் ‘கிளெய்ம் முடிந்துவிட்டது’ என்கிறது. கடைக்காரர் ‘இதை நாங்கள் விற்கவில்லை’ என்கிறார். தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டர் பில்லைக் கேட்கிறது. திட்டத்தை நிர்வகிக்கும் இடைநிலை நிறுவனமோ, விண்ணப்பத்தை வாங்கி அனுப்புவது மட்டுமே தன் வேலை என்கிறது. தனித்தனியே பார்த்தால் நான்கு விடைகளிலும் ஏதோ ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றுவதுதான் இச்சிக்கலின் சூட்சுமம். ஆனால், பழுதான மாற்றுப் பொருளைப் புதியதொரு கோரிக்கையாகக் கருதும் வரைதான் அந்த நியாயங்களுக்கு உயிர் உண்டு. பழைய கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை என்பதற்கான சான்றாக அதைக் கருதினால், பொறுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பது தெளிவாகிவிடும்.

இழப்பீட்டுக் காப்பீட்டின் அடிப்படை விதி, காப்பீடு செய்தவர் இழப்புக்கு முன்பு எந்த நிலையில் இருந்தாரோ அந்த நிலைக்கு அவரைத் திரும்பக் கொண்டுவருவது. அதைவிடக் குறைந்த நிலையிலும் அவரை விடக் கூடாது, அதைவிட மேலான நிலைக்கும் அவரை உயர்த்தக் கூடாது. பணத்துக்குப் பதிலாகப் பொருளைக் கொடுக்கும் உரிமையைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொண்டதற்குத் தொடக்கத்தில் வலுவான காரணம் இருந்தது. எரிந்த கட்டடத்துக்குப் பணம் கொடுத்தால், பணத்துக்காகவே கட்டடத்தை எரிக்கும் ஆசை சிலருக்கு வரக்கூடும். கட்டடத்தையே மீண்டும் கட்டிக் கொடுத்தால் அந்த ஆசைக்கு இடமில்லை. இன்றைய கைபேசிக் காப்பீட்டில் அக்காரணத்தோடு சிக்கனமும் சேர்ந்துகொண்டது. மொத்தமாக வாங்கும் நிறுவனத்துக்குப் பொருள் மலிவாகக் கிடைக்கும். பழுதுபார்த்த பழைய பொருளாக இருந்தால் இன்னும் மலிவு. ஆகவே, பணமா பொருளா என்னும் தேர்வு பெரும்பாலும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அது தனக்கு ஆதாயமான வழியைத் தேர்ந்துகொள்வதில் சட்ட மீறல் ஏதும் இல்லை.

தேர்ந்துகொண்ட பின் என்ன என்பதே கேள்வி. இதற்கு விடை சொன்ன பழைய வழக்குகளுள் ஒன்று, 1859-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பிரவுன் எதிர் ராயல் இன்சூரன்ஸ் வழக்கு. தீயால் சேதமான கட்டடத்துக்குப் பணம் தராமல் அதைச் சீரமைத்துத் தருவதாகக் காப்பீட்டு நிறுவனம் முடிவெடுத்தது. பணி நடந்துகொண்டிருக்கையில், கட்டடம் ஆபத்தான நிலையில் இருப்பதாகக் கூறி உள்ளாட்சி அதிகாரிகள் அதை இடிக்கச் செய்தனர். தங்களால் இனி ஒன்றும் செய்ய இயலாது என்று நிறுவனம் வாதிட்டபோது, நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சீரமைத்துத் தருவதாகத் தேர்ந்துகொண்ட அந்தக் கணத்திலிருந்து, அவ்வொப்பந்தம் முதலிலிருந்தே சீரமைப்பதற்காக மட்டும் எழுதப்பட்ட ஒப்பந்தம் போலாகிவிடுகிறது என்பதும், அதை நிறைவேற்ற வேண்டும் அல்லது நிறைவேற்றாததற்கான இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம். இன்றைய இங்கிலாந்தில் நிதிச் சேவைப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் அமைப்பும் ஏறத்தாழ இதே தடத்தில் செல்கிறது. பழுதுபார்க்கவோ மாற்றிக் கொடுக்கவோ காப்பீட்டு நிறுவனம் தேர்ந்துகொண்டால், அதற்காக அது அமர்த்தும் ஒப்பந்தக்காரரின் வேலைத் தரத்துக்கு அந்நிறுவனமே பொறுப்பு என்பது அதன் அணுகுமுறை.

இந்தியக் காப்பீட்டுப் பத்திரங்களிலும் இத்தேர்வுரிமை உண்டு. வாகனக் காப்பீட்டின் வழக்கமான வாசகம், வாகனத்தையோ அதன் பாகத்தையோ பழுதுபார்க்கவும், மாற்றிக் கொடுக்கவும், அல்லது இழப்பைப் பணமாகத் தரவும் நிறுவனத்துக்கு விருப்புரிமை அளிக்கிறது. தீக் காப்பீட்டுப் பத்திரம் அதையே சொல்லிவிட்டு, மாற்றிக் கொடுப்பது அச்சு அசலாக முன்பிருந்ததுபோல் இருக்க வேண்டியதில்லை, சூழ்நிலை அனுமதிக்கும் அளவில் நியாயமான போதுமான முறையில் இருந்தால் போதும் என்று ஒரு வாசகத்தையும் சேர்த்துக்கொள்கிறது. நிறுவனங்கள் இதை அடிக்கடி தங்கள் கேடயமாகப் பிடிக்கின்றன. ஆயினும், ‘நியாயமான போதுமான’ என்ற சொற்களே ஒரு கீழ் வரம்பையும் நிறுவிவிடுகின்றன என்பதை அவை கவனிப்பதில்லை. நிறம் வேறாக இருக்கலாம், மாடல் வேறாக இருக்கலாம்; மின்னேற்றம் நிற்காத கைபேசியோ குளிராத குளிர்பதனப் பெட்டியோ போதுமானது என்று எந்த அகராதியும் சொல்லாது. பத்திரத்தின் வாசகம் இரு பொருள்படும்போது, அதை எழுதிய தரப்புக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுள்ள விதி.

இங்கே சட்டத்தில் ஒரு சிறு பள்ளம் இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், விற்கப்படும் பொருளின் தரத்தையும் பயன்பாட்டுத் தகுதியையும் பற்றி எழுதப்படாத நிபந்தனைகள் சிலவற்றை விற்பனையாளர் மீது சுமத்துகிறது. ஆனால், விற்பனை என்பதற்கு விலை வேண்டும். காப்பீட்டு நிறுவனம் மாற்றுப் பொருளைக் கொடுக்கும்போது அப்பொருளுக்கென்று தனி விலை எதையும் பெறுவதில்லை. பெற்றது பிரீமியம் மட்டுமே. எனவே, ‘நாங்கள் விற்பனையாளர் அல்லர்’ என்னும் அதன் வாதம் அச்சட்டத்தின் எல்லைக்குள் செல்லுபடியாகக்கூடும். அந்தப் பள்ளத்தைத் தாண்ட உதவுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்து, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ‘சேவை’ என்ற சொல்லின் விளக்கத்திலேயே காப்பீட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ‘சேவைக் குறைபாடு’ என்பதற்கு 2(11)-ஆம் பிரிவு தரும் விளக்கம் இன்னும் விரிவானது: சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ செய்து தருவதாக ஏற்றுக்கொண்ட ஒன்றின் தரத்திலும் தன்மையிலும் அதை நிறைவேற்றும் முறையிலும் உள்ள எந்தக் குறையும், போதாமையும், பிழையும் சேவைக் குறைபாடே, தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் அடங்கும். இந்த விளக்கத்தின் முன் மாற்றுப் பொருள் விற்கப்பட்டதா இல்லையா என்னும் கேள்வி தேவையற்றதாகிவிடுகிறது. மாற்றித் தருவது என்பதே காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்ட சேவை. பழுதான பொருளைத் தந்தது அந்தச் சேவையை நிறைவேற்றிய முறையில் உள்ள குறை. நுகர்வோர் வாதாட வேண்டிய இடம் இதுதான். ‘எனக்கு விற்ற பொருளில் குறை’ என்று புகாரைத் தொடங்குபவர் எதிர்த்தரப்புக்கு வசதியான களத்தில் போய் நிற்கிறார். ‘எனக்குச் செய்ய வேண்டிய சேவை முடியவில்லை’ என்று தொடங்குபவர் தம் களத்தில் நிற்கிறார்.

தகவலை மறைப்பது பற்றிய அந்தத் தொடர், கடைத்தெருவில் ‘ரீஃபர்பிஷ்ட்’ என்று சொல்லப்படும், பழுதுபார்த்துச் செப்பனிட்ட பொருள்களுக்கு நேராகப் பொருந்துவது. செப்பனிட்ட பொருளைக் கொடுப்பது தன்னளவில் குற்றம் அன்று. இரண்டு ஆண்டு பயன்படுத்திய கைபேசிக்கு ஈடாக அப்படியொன்றைத் தருவதாகப் பத்திரமே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அதில் குறை காண இடமில்லை, ஏனெனில் இழப்பீட்டு விதி பழையதற்குப் புதியதைக் கட்டாயமாக்குவதில்லை. ஆனால், செப்பனிட்ட பொருளையோ பழைய பொருளையோ புதியது என்று பொய்யாகக் காட்டுவதை அதே சட்டத்தின் 2(47)-ஆம் பிரிவு ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்று பெயரிட்டே சொல்கிறது. முத்திரை இல்லாத பெட்டி, பெட்டியில் ஒரு வரிசை எண், பொருளில் வேறொரு வரிசை எண் என்பன போன்ற அடையாளங்கள், பழுது தெரிவதற்கு முன்பே இக்கேள்வியை எழுப்பிவிடும்.

மாற்றுப் பொருளைக் கையில் கொடுக்கும்போது வாங்கப்படும் கையெழுத்து, நுகர்வோரைப் பெரிதும் அச்சுறுத்துவது. ‘கோரிக்கைக்கு முழுமையான, இறுதியான தீர்வாக இதைப் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த தாளிலோ, கைபேசிக்கு வந்த கடவு எண்ணைச் சொல்வதன் மூலமோ அந்தச் சம்மதம் பெறப்படுகிறது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பெறப்படுவதும் உண்டு. இத்தகைய ரசீது ஒன்றில் கையெழுத்திட்டதாலேயே நுகர்வோர் மன்றத்தை அணுகும் உரிமை பறிபோய்விடாது என்று யுனைட்டெட் இந்தியா இன்சூரன்ஸ் எதிர் அஜ்மீர் சிங் காட்டன் மில்ஸ் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மோசடி, தவறான தகவல், நிர்ப்பந்தம் போன்றவற்றின் பேரில் கையெழுத்துப் பெறப்பட்டது என்று காட்டினால் மன்றம் தலையிடலாம். அதே தீர்ப்புக்கு மறுபக்கமும் உண்டு: மனமறிந்து, எல்லாம் தெரிந்து கொடுத்த சம்மதத்திலிருந்து அது எவரையும் விடுவிப்பதில்லை. ஆயினும், உள்ளே மறைந்திருக்கும் பழுதை அறிந்து ஒருவர் சம்மதித்தார் என்று வாதிடுவது எளிதன்று. சம்மதம் கொடுக்கப்பட்டது இயங்கும் ஒரு பொருளுக்கு. வந்து சேர்ந்தது இயங்காத ஒன்று.

பில் பற்றிய சிக்கலுக்கு வருவோம். மாற்றுப் பொருளைத் தயாரிப்பாளரிடமிருந்தோ மொத்த விற்பனையாளரிடமிருந்தோ வாங்கியது காப்பீட்டு நிறுவனம் அல்லது அதன் முகவர். பில்லும் அவர்கள் பெயரில் இருக்கும், பல வேளைகளில் அது நுகர்வோர் கைக்கு வருவதே இல்லை. வாரன்டி எப்போது தொடங்கியது, எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியாது. ஆனால், ‘நுகர்வோர்’ என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் பில்லில் உள்ள பெயரோடு நின்றுவிடவில்லை. விலை கொடுத்து வாங்கியவரின் ஒப்புதலோடு பொருளைப் பயன்படுத்துபவரும், சேவையை அமர்த்தியவரின் ஒப்புதலோடு அச்சேவையின் பயனைப் பெறுபவரும் நுகர்வோரே. ஆகவே, பயன்படுத்துபவர் என்ற முறையில் தயாரிப்பாளரையும் பயனாளி என்ற முறையில் காப்பீட்டு நிறுவனத்தையும் ஒரே புகாரில் எதிர்த்தரப்பாகச் சேர்க்க இடமுண்டு. வணிக நோக்கத்துக்காக வாங்கிய பொருளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று தயாரிப்பாளர் தரப்பு எதிர்வாதம் வைக்கக்கூடும். காப்பீட்டு நிறுவனம் வாங்கியது தொழிலின் பொருட்டே அல்லவா என்று கேட்கலாம். இழப்பீட்டுக் காப்பீடு இலாபம் ஈட்டும் செயல் அன்று என்றும், வணிக நிறுவனம் எடுத்த பாலிசியாக இருந்தாலும் அந்தக் காரணத்தால் மட்டும் அது நுகர்வோர் அல்லாததாகிவிடாது என்றும் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியதன் போக்கைப் பார்த்தால், வீட்டு உபயோகத்துக்காகப் பொருளைப் பெற்றவருக்கு எதிராக அந்த எதிர்வாதம் வெகுதூரம் செல்லாது என்றே தோன்றுகிறது.

2019-ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாகக் கொண்டுவந்த ‘தயாரிப்புப் பொறுப்பு’ என்னும் பகுதியைக் கண்டு பலர் நம்பிக்கை கொள்கிறார்கள். அது இங்கே அதிகம் உதவாது. குறைபாடுள்ள பொருளால் உடலுக்கோ வேறு உடைமைக்கோ நேரும் தீங்குக்குத்தான் அது இழப்பீடு தருகிறது. பொருளுக்கே நேர்ந்த சேதத்தைத் ‘தீங்கு’ என்ற சொல்லின் விளக்கத்திலிருந்து அச்சட்டம் விலக்கிவிட்டது. மாற்றிக் கொடுத்த கைபேசியின் மின்கலம் வெடித்துக் காயம் ஏற்பட்டால் அப்பகுதி பயன்படும். கைபேசி வெறுமனே இயங்காமல் போனால் பயன்படாது.

நடைமுறையில் நுகர்வோரைத் தோற்கடிப்பது பெரும்பாலும் இந்தச் சட்ட நுணுக்கங்கள் அல்ல, பாலிசியின் கணக்குதான். ஒரு முறை முழுப் பொருளும் மாற்றித் தரப்பட்டால் காப்பீட்டுத் தொகை தீர்ந்துவிட்டதாகக் கருதி, பாலிசி அன்றோடு முடிவதாக வாசகம் எழுதும் வழக்கம் உண்டு. கைபேசிக் காப்பீடு அக்கைபேசியின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணோடு பிணைக்கப்பட்டிருப்பதால், மாற்றுக் கைபேசியின் எண் பத்திரத்தில் ஏறாமலே போகும்போது, ‘இந்தக் கைபேசிக்குக் காப்பீடே இல்லை’ என்ற பதில் கணினித் திரையிலிருந்து தானாக வந்து விழுகிறது. இதற்கிடையில் சேதமான பழைய பொருள் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்துவிட்டது. கோரிக்கைக்கான பிடித்தத் தொகையும் கட்டியாகிவிட்டது. பழையதும் போய், பாலிசியும் போய், கையில் மிஞ்சுவது இயங்காத ஒன்று. முதல் கோரிக்கையே முடியவில்லை என்ற நிலைப்பாட்டின் முழுப் பயனும் இங்கேதான் தெரிகிறது. பழுதை இரண்டாம் கோரிக்கையாகப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டவர், தீர்ந்துபோன காப்பீட்டுத் தொகையையும், பத்திரத்தில் இல்லாத ஐஎம்இஐ எண்ணையும், மறுபடியும் கேட்கப்படும் பிடித்தத் தொகையையும் சேர்த்தே ஒப்புக்கொண்டவராகிறார். ‘வேறு கிளெய்ம் போட்டுவிடுங்கள்’ என்று அழைப்பு மையத்திலிருந்து அன்போடு சொல்லப்படும் யோசனையை ஏற்பதற்கு முன் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு குழப்பம், கையில் இருப்பது காப்பீடுதானா என்பதே. கடைகளிலும் இணைய வணிகத் தளங்களிலும் ‘புரொடெக்‌ஷன் பிளான்’ என்ற பெயரில் கிடைப்பவற்றுள் சில, காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட உண்மையான காப்பீடுகள். அவற்றிலும் பல, திட்டத்தை விற்கும் நிறுவனத்தின் பெயரில் எடுக்கப்பட்ட குழுக் காப்பீடுகள். வேறு சில, வாரன்டியை நீட்டிக்கும் வெறும் சேவை ஒப்பந்தங்கள். வாங்குபவர் அந்த வேறுபாட்டை அறிவதற்கு விற்பவர் உதவுவதில்லை. வாங்கியதையே அறியாதவர்களும் உண்டு. கேட்காமலே கூடையில் கூடுதல் சேவையைச் சேர்க்கும் தந்திரத்தை, 2023 நவம்பரில் வெளியான மறைமுக வணிக உத்திகளுக்கு எதிரான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடைசெய்தன. அந்த நெறிகள் எடுத்துக்காட்டாகச் சொல்வனவற்றுள், விமானப் பயணச்சீட்டோடு தானாக ஒட்டிக்கொள்ளும் பயணக் காப்பீடும் ஒன்று.

காப்பீடா சேவை ஒப்பந்தமா என்பது எங்கே முறையிடுவது என்பதையும் தீர்மானிக்கிறது. காப்பீடாக இருந்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. ஆனால், அவருடைய அதிகாரம் காப்பீட்டுத் தரப்போடு முடிந்துவிடுகிறது. பழுதான பொருளைத் தயாரித்தவரையோ, சேவை ஒப்பந்தத்தை விற்ற கடையையோ அவர் முன் நிறுத்த முடியாது. பொறுப்பை ஒருவர் மற்றொருவர் மீது தள்ளிக்கொண்டிருக்கும் வழக்குகளில், எல்லாரையும் ஒரே அறையில் நிறுத்தக்கூடிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே பொருத்தமானது. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே அங்கு வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் காலவரம்பு. பொருளை மாற்றித் தரவும், தொகையைத் திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சேர்த்து இழப்பீடு வழங்கவும் உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. இரண்டு கதவுகளையும் ஒரே நேரத்தில் தட்ட முடியாது. ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும் புகாரைக் குறைதீர்ப்பாளர் ஏற்கமாட்டார்.

ஆணையத்தில் நுகர்வோர் தோற்கும் வழக்குகளில் அடிக்கடி காணப்படும் காரணம், பழுது பொருளோடு வந்ததா அல்லது பயன்படுத்தியவரால் வந்ததா என்பதை நிறுவாமல் விடுவது. தேவையானால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு வழிசெய்கிறது; அதற்கான கட்டணத்தைப் புகார்தாரர் முன்கூட்டிச் செலுத்த வேண்டியிருக்கும் என்பதால், இருபதாயிரம் ரூபாய்க் கைபேசிக்கு அவ்வழியை நாடுவோர் குறைவு. நடைமுறையில் அந்த இடத்தை நிரப்புவது, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் கொடுக்கும் ‘ஜாப் ஷீட்’. அதில் பழுதின் தன்மையும், பொருள் ஒப்படைக்கப்பட்ட தேதியும், நீர் புகுந்த தடமோ உடைந்த தடமோ இல்லை என்ற குறிப்பும் இருந்தால் அதன் எடை மிகுதி. பெட்டியைத் திறக்கும்போதே எடுத்த காணொளியும், *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும் ஐஎம்இஐ எண்ணைப் பெட்டியின் எண்ணோடு ஒப்பிட்டு எடுத்த படமும் அதற்கு வலுச் சேர்க்கும். அந்த எண்ணை 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது வேறொருவருடைய திருடுபோன கைபேசி என்று முடக்கப்பட்டதா என்பதையும் சரிபார்க்கும் வசதியைத் தொலைத்தொடர்புத் துறை செய்து கொடுத்திருக்கிறது. செப்பனிட்ட கைபேசி கையில் வரும் எவரும் இதைத் தவறவிடக் கூடாது.

தனிமனிதர் ஒவ்வொருவரும் இப்படி ஆவணம் திரட்டிக்கொண்டு ஆணையத்தின் படியேறுவது, சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ஏற்ற தீர்வு அன்று என்பது நிறுவனங்களுக்கும் தெரியும். அவற்றின் துணிவுக்கு அதுவும் ஒரு காரணம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மாற்றுப் பொருள் புதியதா செப்பனிட்டதா என்பதை எழுத்தில் தெரிவிப்பதையும், அதன் வரிசை எண் பாலிசியில் தானாக ஏறுவதையும், மாற்றுப் பொருளும் குறிப்பிட்ட காலத்துக்குள் பழுதானால் இனி நுகர்வோர் விரும்பினால் பணமாகப் பெறலாம் என்பதையும் கட்டாய வாசகங்களாக்கினால், இந்த வழக்குகளில் பாதி எழவே எழா. பணமா பொருளா என்னும் தேர்வை ஒருமுறை தன் விருப்பப்படி செய்து தவறவிட்ட நிறுவனம், அடுத்த முறையும் தானே தேர்வேன் என்று சொல்வதற்கு நியாயம் ஏதுமில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் கை எட்டாத சேவை ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை, ஒரே வகைக் குறை பலரைப் பாதிக்கும்போது தானாகவே விசாரணை தொடங்கும் அதிகாரம், 2020-இல் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. தவறான விளம்பரங்கள் பக்கம் பெரிதும் திரும்பியிருக்கும் அதன் பார்வை, கடை முகப்பில் அச்சடித்து அடுக்கிவைத்திருக்கும் இந்தத் திட்டங்களின் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளின் மீதும் விழ வேண்டும்.